1 டன் ஸ்டீம் ஹேமர்: பிஸ்டன் ராட் ஏன் டேப்பரிலேயே உடைகிறது?

கொல்லுலை (கேள்வி)

வணக்கம். ஆர்ச் ஃபிரேம், டபுள் ஆக்டிங் (ஆவி தூக்கவும் செய்யும், கீழே தள்ளவும் செய்யும்), ஓப்பன் டை (அச்சுக்குழி இல்லாத டை) வேலைக்கான 1 டன் ஸ்டீம் ஹேமர் (ஆவிச் சம்மட்டி) இது. சிலிண்டர் உள்விட்டம் 330 மி.மீ., ராட் 110 மி.மீ., ஸ்ட்ரோக் 1000 மி.மீ., வால்வுக்கு வரும் ஆவி 7 பார். ராடின் கீழ்முனையை டேப்பராக (கூம்பாக) கடைந்து ராமுக்குள் (மேல் டையோடு விழும் கட்டை) நேரடியாக இறுக்கியிருக்கிறது, நடுவில் புஷ் (இடைக்குழல்) இல்லை.

உடைவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: ராமின் மேல்முகத்திலிருந்து 10 முதல் 20 மி.மீ. உள்ளே. முறிந்த முகத்தில் முக்கால் பங்கு வழவழப்பாக, வளைய வளையமாகக் கோடுகளோடு இருக்கிறது, மிச்சம் கரடுமுரடு. டேப்பரின் மேல் செம்பழுப்பு நிறத்தில் தூள் படிந்திருக்கிறது. ராட் இஎன் 24 (நிக்கல்-குரோம்-மாலிப்டினம் உருக்கு), ஹார்டன் செய்து டெம்பர் செய்தது.

ராடை 130 மி.மீ. ஆக்கிவிடலாம் என்று ஒரு யோசனை. சிலிண்டரின் கீழ்மூடியில் அதற்கு இடம் இருக்கிறது. அது தீர்வாகுமா, இல்லை கோளாறு வேறு எங்காவதா? கணக்கோடு விளக்கினால் நல்லது.

வரைபலகை

130 ஆக்க வேண்டாம், நண்பரே. இந்த வகை ஹேமரில் ராடைத் தடிமனாக்கினால் இன்னும் சீக்கிரம் உடையும். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் அடியின் வேகம். விழும் பாகங்களின் எடை 9.8 கிலோநியூட்டன். பிஸ்டனின் பரப்பு 0.0855 சதுர மீட்டர். மேலே வரும் ஆவி, கீழே வெளியேறும் ஆவியின் எதிர்ப்பு, உராய்வு எல்லாம் கழித்து நிகர அழுத்தம் 3 பார் என்று வையுங்கள்: 25.7 கிலோநியூட்டன். கூட்டினால் 35.5. ஒரு மீட்டர் ஸ்ட்ரோக்குக்கு 35.5 கிலோஜூல், டை தொடும்போது வேகம் விநாடிக்கு 8.4 மீட்டர். ஆவி இல்லாமல் வெறும் எடையாக விழுந்தால் 4.4 மீட்டர்தான் வரும்.

இனி ராம் நிற்கும் கட்டம். ராம் நின்றாலும் மேலே பிஸ்டனும் ராடும் அதே வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். அந்த இரண்டின் எடை 150 கிலோ என்று கொள்வோம். சூடான இரும்பு 20 மி.மீ. அமுங்கிக் கொடுத்தால் ராட் தாங்குவது சுமார் 265 கிலோநியூட்டன், 110 மி.மீ. ராடில் அது 28 மெகாபாஸ்கல், ஒன்றுமே இல்லை. ஆனால் நடுவில் இரும்பு இல்லாமல் டையும் டையும் மோதினால், அல்லது கறுத்துப்போன துண்டை அடித்தால், நிற்கும் தூரம் ஓரிரு மி.மீ. ஆகிவிடும். அப்போது அதிர்வலை ராடுக்குள் ஓடும். உருக்கில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு ஏறத்தாழ 40 மெகாபாஸ்கல் என்பது கணக்கு, 8.4 மீட்டருக்கு 330க்கு மேல். இந்த எண் ராடின் விட்டத்தைப் பொறுத்ததே அல்ல. 110 ஆனாலும் 130 ஆனாலும் அதே தகைவுதான் (ஸ்ட்ரெஸ்).

மூன்றாவது, வளைவு. உங்கள் ராடைக் கொல்வது இதுதான். துண்டு டையின் நடுவில் இல்லாவிட்டால் ராம், அதை நேராக ஓடவிடும் கைடுக்குள் இருக்கும் இடைவெளி அளவுக்குச் சாயும். கைடு நீளம் 800 மி.மீ., இடைவெளி 0.5 மி.மீ. என்றால் சாய்வு 0.000625 ரேடியன். ராடின் மறுமுனையைக் கீழ்மூடியின் கிளாண்ட் (ஆவி கசியாமல் ராடைச் சுற்றி அடைக்கும் பாகம்) பிடித்திருக்கிறது, 1100 மி.மீ. மேலே. ராமின் வாயில் ராடில் எழும் வளைவுத் தகைவு சுமார் 19 மெகாபாஸ்கல். கைடு தேய்ந்து இடைவெளி 2 மி.மீ. ஆனால் அதே கணக்கில் 77.

இங்கேதான் விட்டம் எதிராகத் திரும்புகிறது. சாயும் கோணத்தைக் கைடு தீர்மானித்துவிடுகிறது. ராட் அந்தக் கோணத்துக்கு வளைந்தே ஆக வேண்டும். கோணம் மாறாதபோது தகைவு விட்டத்தோடு நேராக ஏறும். 130 மி.மீ. ராடில் 18 சதவீதம் கூடுதல்.

77 மெகாபாஸ்கலுக்கு இஎன் 24 உடையுமா என்றால், சுத்தமான ராட் உடையாது. ஆனால் அந்தச் செம்பழுப்புத் தூள் இரும்பு ஆக்சைடு. டேப்பரும் ராமும் ஒவ்வோர் அடிக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு உரசிக்கொண்டிருக்கின்றன. அப்படி உரசும் இடத்தில் ஃபெடீக் வலு (திரும்பத் திரும்ப வரும் சுமையைத் தாங்கும் வலு) மூன்றில் ஒரு பங்கு வரைகூட இறங்கும். கிராக் அங்கே பிறக்கும், வளைவு அதை வளர்க்கும், நடுவில் இரும்பு இல்லாத ஒரு வெற்றடி வந்து முடித்துவைக்கும். நீங்கள் சொன்ன வளையக் கோடுகள் இந்த வரிசையைத்தான் காட்டுகின்றன.

சூட்டடி

கணக்கை அவர் சொல்லிவிட்டார், பொருத்தும் முறையை நான் சொல்கிறேன்.

புஷ் கட்டாயம் போடுங்கள். ராம் துளையை அகலப்படுத்தி, உள்ளே டேப்பருள்ள ஒரு மென்மையான ஸ்டீல் அல்லது வெண்கலப் புஷ், நீளவாக்கில் ஒரு பக்கம் வெட்டியது. தேய்மானம் புஷ்ஷில் நடக்கட்டும். ராமையும் ராடையும் காப்பாற்றலாம். டேப்பர் 1:25 போல மெல்லியதாக இருந்தால் அடிக்க அடிக்கத் தானே இறுகும். ராடின் அடிமுனை துளையின் தரையைத் தொடவே கூடாது. கீழே 20 மி.மீ.யாவது காலி விடுங்கள். அடிமுனை தொட்டுவிட்டால் டேப்பர் பிடிக்காது, ராட் லொடலொடவென்று ஆடும்.

பிரஷ்யன் புளூ (இரு முகங்கள் எங்கே தொடுகின்றன என்று காட்டும் நீலச் சாயம்) தடவிப் பாருங்கள். நான்கில் மூன்று பங்காவது படிய வேண்டும். ஆனால் வாய்ப்பக்கம் அழுத்தமாகப் படியக் கூடாது, உடைவது அங்கேதான். புஷ்ஷின் மேல்விளிம்பை 10 மி.மீ. ஆரத்தில் உருட்டி விடுங்கள். ராட் டேப்பராகத் தொடங்கும் இடத்தில் படி வேண்டாம், பெரிய ஃபில்லட் (வளைந்த உள்மூலை) கொடுத்து, குறுக்குக் கோடு ஒன்றுகூட இல்லாமல் பாலிஷ் செய்யுங்கள். ரோலர் வைத்து அழுத்தி மெருகேற்ற வசதி இருந்தால் இன்னும் நல்லது. ராடில் கீ-வே (சாவிக் காடி) வெட்டவே வெட்டாதீர்கள். கழற்றுவதற்கு ராமின் குறுக்கே ஒரு காடி இருந்தால் போதும், ஆப்பு அடித்து ராடை மேலே தள்ளிவிடலாம்.

கைடு இடைவெளியைக் குளிர்ந்திருக்கும்போது பூஜ்யமாக்கிவிடக் கூடாது. 400 மி.மீ. அகல ராம் 60 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.3 மி.மீ. விரியும். அதனால் குளிரில் 0.5. வேலை தொடங்கி ராம் சூடான பின் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு மறுபடி பாருங்கள்.

காலையில் முதல் அடிக்கு முன் இரண்டு டைகளையும் 150 முதல் 200 டிகிரிக்குச் சூடாக்குங்கள். சூடான கட்டைகளை இடையில் வைத்து ராமை அதன்மேல் இறக்கி வைத்தால் ராமின் அடிப்பகுதியும் சேர்ந்து சூடாகும். குளிர்ந்த டை எளிதில் விரிசல் விடும்.

கொல்லுலை

இருவருக்கும் நன்றி. கைடு இடைவெளி அளந்தாயிற்று: 1.5 மி.மீ. டைகளை மெதுவாக ஒன்றின்மேல் ஒன்று இறக்கி நான்கு மூலையிலும் ஃபீலர் விட்டதில் இடது முன்மூலையில் 0.1, வலது பின்மூலையில் 1.2 மி.மீ. டையின் முகம் 300 மி.மீ. சதுரம். கைடுக்கு மட்டும் லைனர் (மாற்றக்கூடிய உள்தகடு) போட்டால் போதுமா?

அஸ்திவாரம்

போதாது சார். அந்த 1.2 தான் முக்கியமான எண்.

மூலைக்கு மூலை 1.1 மி.மீ. வித்தியாசம். அதை 300 மி.மீ.க்கு என்று கணக்கிட்டாலும் 0.0037 ரேடியன் (மூலைவிட்டம் இன்னும் நீளம் என்பதால் உண்மைச் சாய்வு சற்றுக் குறையும், 0.0026). உங்கள் கைடு அனுமதிக்கும் சாய்வு 1.5 மி.மீ.க்கு 0.0019 மட்டுமே. கீழ் டை கேட்கும் சாய்வைக் கைடு தராது. ஆக, துண்டை நடுவில் வைத்து அடித்தாலும் அது கோணல் அடிதான். ராம் கைடின் முழு இடைவெளிக்கும் சாய்ந்து முட்டும், மிச்சத்தைக் கைடு போல்ட்டும் ஃபிரேமும் வாங்கும். இப்போது புது லைனர் போட்டு 0.5 ஆக்கினால் ராட் பிழைக்கும், ஆனால் சுமை முழுவதும் ஃபிரேமுக்குப் போகும். கைடு போல்ட் தளரத் தொடங்கும்.

கீழ் டையைக் கழற்றி, அதைத் தாங்கும் பட்டடையின் மேல்முகத்தில் துல்லியமான ஸ்பிரிட் லெவல் வையுங்கள். பட்டடை மட்டமாக இருந்தால் கோளாறு டையில் அல்லது டவ்டெயிலில் (டையை ஆப்பு வைத்துப் பிடிக்கும் புறாவால் காடி). டவ்டெயில் அடியில் செதில் புகுந்திருக்கும், அல்லது ஆப்பு ஒரு முனையில் மட்டும் கவ்வியிருக்கும். சுத்தம் செய்து ஆப்பைப் புளூ பார்த்துப் பொருத்தினால் தீர்ந்தது.

பட்டடையே சாய்ந்திருந்தால் அடியில் உள்ள மரம் அமுங்கியிருக்கிறது என்று பொருள். ஓப்பன் டை ஹேமரில் பட்டடையையும் ஃபிரேமையும் வேண்டுமென்றேதான் பிரித்து வைப்பார்கள். பட்டடை இறங்கினால் ஃபிரேமை இழுக்கக் கூடாது என்பதற்காக. இறங்கும் என்பது வடிவமைப்பிலேயே எதிர்பார்த்த விஷயம். அதை அவ்வப்போது சரிசெய்யாததுதான் பிழை. 1 டன் ஹேமருக்கு மர அடுக்கு 200 மி.மீ. அளவில் இருக்கும். கெட்டியான மரம், நன்றாக உலர்ந்தது, அடுக்குக்கு அடுக்கு குறுக்காக, இடையில் போல்ட் இட்டு இறுக்கியது. எண்ணெயும் தண்ணீரும் ஒரு பக்கமாக ஊறினால் அந்தப் பக்கம் மரம் நைந்து போகும். பெரும்பாலும் எக்ஸாஸ்ட் தண்ணீரும் கிளாண்ட் ஒழுகலும் சேரும் மூலையே முதலில் இறங்குகிறது. உங்களுடையதில் வலது பின்மூலைக்குக் கீழே குழியில் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள்.

பட்டடையைத் தூக்கி மரத்தை மாற்ற வேண்டும். மெல்லிய தகடு சொருகி மட்டம் செய்வது சில வாரம்கூட நிற்காது, அதிர்வில் தகடு நழுவி வெளியே வந்துவிடும். மரம் மாற்றிய பின் முதலில் இலேசான அடிகள் மட்டும். மரம் படிந்ததும் மறுபடி லெவல் பார்த்துக் கைடைப் பட்டடைக்கு ஏற்ப ஒழுங்கு செய்யுங்கள். பட்டடை முதலில், கைடு பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது.

பட்டடை எடையையும் சரிபாருங்கள். ராமைப் போல 10 மடங்கு இருந்தால் அடியின் ஆற்றலில் 91 சதவீதம் துண்டுக்குள் போகும், 15 மடங்குக்கு 94. எடை குறைந்த பட்டடை ஒவ்வோர் அடிக்கும் துள்ளி மரத்தை நைக்கும். கான்கிரீட் அளவுக்கு ஐ.எஸ். 2974 பகுதி 2 பாருங்கள், ஹேமர் அஸ்திவாரத்துக்கென்றே எழுதியது.

பழைய_இயந்திரம்

தடித்த ராட் என்ற யோசனைக்கு வரலாற்றில் இடம் உண்டு. ஆனால் வேறு வடிவத்தில்.

ஜேம்ஸ் நாஸ்மித் 1839 நவம்பரில் 'கிரேட் பிரிட்டன்' கப்பலின் துடுப்புச் சக்கரத் தண்டுக்காக இந்த ஹேமரை வரைந்தார். பிரான்சில் லெ க்ரூசோ ஆலையில் பூர்தோன் என்ற பொறியாளர் அதைச் செய்தே காட்டினார். நாஸ்மித்தின் காப்புரிமை 1842. ராடும் ராமும் சேரும் இடம் அப்போதே தலைவலிதான். நாஸ்மித் ராடின் முனையை ராமுக்குள் ஒரு குழியில் உட்காரவைத்து, அதன்கீழ் கெட்டி மரத்தை மெத்தையாக வைத்தார்.

பிறகு ஜான் காண்டி தலைகீழாக யோசித்தார்: பிஸ்டனும் ராடும் அசையாமல் நிற்க, சிலிண்டரே சம்மட்டியாக விழும், ஆவி உள்ளே போவது குழாயான ராட் வழியாக. ராபர்ட் மோரிசன் பிஸ்டனையும் ராடையும் ஒரே துண்டாக அடித்துச் செய்து, அந்தத் தடித்த தண்டு சிலிண்டரின் மேல்மூடி, கீழ்மூடி இரண்டின் வழியாகவும் ஓடும்படி வைத்தார். அங்கே தண்டுதான் கைடு. கீழே தனிக் கைடு இல்லாததால் ராட் எவ்வளவு தடிமனோ அவ்வளவு நல்லது. உங்கள் ஆர்ச் ஹேமரில் ராமைப் பிடிப்பது ஃபிரேமில் உள்ள கைடு. இரண்டு தத்துவத்தையும் கலக்கக் கூடாது: கைடும் கெட்டி, ராடும் கெட்டி என்றால் இரண்டுக்கும் நடுவில் உள்ள மூட்டு உடையும்.

கொதிகலன்காரன்

ஆவிப் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள்.

ராம் கீழே இறங்கும்போது கீழ்ப்பக்க எக்ஸாஸ்ட் (ஆவி வெளியேறும் வழி) தாமதமாகத் திறந்தால் அடி பஞ்சுபோல விழும். அதைச் சரிக்கட்ட ஓட்டுபவர் லீவரை முழுக்கத் தள்ளுவார். அடுத்து சன்னமான துண்டு வந்தால் அதே முழு வீச்சு வெற்றடியாகிவிடும். வால்வு செட்டிங் சரியாக இருந்தால் லீவரை ஒரு சாண் நகர்த்தும்போதே இலேசான அடி, பலத்த அடி இரண்டும் கைக்குள் அடங்க வேண்டும். சோதனை எளிது: லீவரைத் தூக்கும் நிலையில் வைத்தால் ராம் மேலே அசையாமல் நிற்க வேண்டும். மெல்ல இறங்கினால் பிஸ்டன் ரிங்கோ வால்வோ கசிகிறது.

தண்ணீர்தான் இன்னொரு எமன். ஒரு முழு ஏற்ற இறக்கத்துக்குச் சிலிண்டரின் இருபுறமும் சேர்ந்து 0.16 கன மீட்டர். 7 பாரில் முழுதாக நிரம்பினால் 0.67 கிலோ ஆவி. நிமிடத்துக்கு 60 அடி என்றால் மணிக்கு 2.4 டன் வேகத்தில் இழுக்கும், அடுத்த நொடி ஒன்றுமே இழுக்காது. இப்படி விட்டு விட்டு இழுப்பதால் கொதிகலனிலிருந்து தண்ணீரும் சேர்ந்து வரும். திராட்டிலுக்கு (ஆவியைத் திறந்துவிடும் வால்வு) முன்னால், ஆவியிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் செப்பரேட்டரும் அதை வெளியேற்றும் டிராப்பும் வையுங்கள். குழாய் ஓட்டம் செப்பரேட்டர் பக்கம் சரிவாக இருக்கட்டும். காலையில் டிரெயின் காக் இரண்டையும் திறந்து, ராமை மெதுவாக ஏற்றி இறக்கி, வெறும் ஆவி வரும்வரை மூடாதீர்கள். தண்ணீர் அமுங்காது, பிஸ்டனுக்கும் கீழ்மூடிக்கும் இடையில் மாட்டினால் மூடி விரிசல் விடும் அல்லது ராட் வளையும். ஒருமுறை வளைந்த ராட் கிளாண்டை ஒருபக்கமாகத் தேய்த்துக்கொண்டே இருக்கும். புது ராட் போடும் முன் கீழ்மூடியின் கிளாண்ட் புஷ் வட்டமாக இருக்கிறதா, சிலிண்டர் மையமும் கைடு மையமும் ஒரே தூக்குநூலில் வருகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

கொல்லுலை

வலது பின்மூலைக் குழியில் தண்ணீர் நிற்பது உண்மைதான். எக்ஸாஸ்ட் குழாயின் முழங்கையில் ஒழுகல். அதை அடைத்து, பட்டடையைத் தூக்கி மரம் மாற்றுவது முதல் வேலை. ராட் 110லேயே இருக்கட்டும், வெட்டுப் புஷ்ஷோடு. ஒரு சந்தேகம்: புஷ்ஷின் வெட்டு எந்தப் பக்கம் வர வேண்டும்?

சூட்டடி

ராம் அதிகம் சாயும் திசைக்கு நேராக வெட்டு வரக் கூடாது, அங்கேதான் தாங்கல் வேண்டும். நீளத் துண்டுகளை இடம் வலமாக நீட்டி அடிப்பவர் என்றால் வெட்டை முன்புறமாகவோ பின்புறமாகவோ வையுங்கள். முதல் நாள் வேலை முடிந்ததும், ராட் எவ்வளவு உள்ளே இறங்கியிருக்கிறது என்று ராமின் மேல்முகத்திலிருந்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்தும் இறங்கிக்கொண்டே இருந்தால் புஷ் சரியாகப் படியவில்லை. கழற்றி மறுபடி புளூ பாருங்கள்.