மேனேஜர் "லெட் யூ கோ"ன்னு சொல்லிட்டார், வேலை போயிடுச்சா?

புதுசா வந்தவன்:
வந்து ஏழு வாரம்தான் ஆச்சு. இன்னைக்குச் சாயங்காலம் மேனேஜர் "லெட் யூ கோ"ன்னு சொன்னார். டிக்‌ஷனரியில பார்த்தா வேலையை விட்டு நிறுத்துறதுன்னு இருக்கு. கை காலெல்லாம் நடுங்குது. வீட்ல இன்னும் சொல்லல. விசா இந்த வேலையை நம்பித்தான் இருக்கு. நாளைக்கு ஆபீஸ் போகணுமா? யாராவது சொல்லுங்க.

பழைய ஆள்:
தம்பி, எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போட்டுடாதே. எந்த நாடுன்னே சொல்லலையே? விசா விதி நாட்டுக்கு நாடு மாறும். எனக்கும் மூணாவது மாசம் வேலை போச்சு. நாலு மாசம் நண்பன் வீட்டு ஹால்லதான் படுத்தேன். ஒரு நாள்கூட நிம்மதியாத் தூங்கல. நாளைக்குப் போகாதே, முதல்ல வக்கீலைப் பாரு.

ஹெட்போன்:
போகாம இருந்தாத்தான் தப்பாகும், கட்டாயம் போங்க. இதுக்கெல்லாம் மூலகாரணம் மொழி. தினம் ஒரு சீரியல், சப்டைட்டிலோட பாருங்க. நான் அப்படித்தான் கத்துக்கிட்டேன்.

இரவுப் பணி:
சீரியல் பார்த்து எனக்கு ஒண்ணும் வரல. இடியம், அதாவது இங்கிலீஷ் மரபுத்தொடர், 500 மனப்பாடம் பண்ணேன். 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்'னு (மழை கொட்டுதுன்னு அர்த்தம்) ஆறு வருஷத்துல ஒருத்தர்கூட என்கிட்ட சொன்னதில்லை. தினம் காதுல விழறது 'லுக் இன்ட்டு' (விசாரிச்சுப் பார்க்கிறது), 'ஃபாலோ அப்' (தொடர்ந்து கவனிக்கிறது), 'புட் ஆஃப்' (தள்ளிப்போடுறது) மாதிரிச் சின்ன வார்த்தைங்கதான்.

பழைய ஆள்:
அதைச் சொல்லுங்க! இன்டர்வியூல "2014ல பாஸ் அவுட் ஆனேன்"னேன். படிப்பை முடிச்சதைச் சொன்னேன், மயங்கி விழுந்ததாப் புரிஞ்சுக்கிட்டாங்க. 'டேபிள்' பண்றதுன்னா பிரிட்டன்ல விவாதத்துக்கு எடுக்கிறது, அமெரிக்காவுல ஒத்திப்போடுறது. நாம யார்கிட்டப் போய் முறையிடுறது?

ஹெட்போன்:
'புல்லிங் மை லெக்'னு கேட்டதும் யாரோ காலை வாரிவிட்டதா நினைச்சு அன்னைக்கு முழுக்க மனசு கஷ்டப்பட்டேன். சும்மா விளையாட்டுக்குக் கலாய்க்கிறதாம்.

மாலா அக்கா:
எல்லாரும் கொஞ்சம் பொறுங்க. தம்பி, நேர்ல சொன்னாரா, போன்லயா? முழு வாக்கியம் என்ன? அதுக்கு முன்னாடி என்ன பேசிட்டிருந்தீங்க?

புதுசா வந்தவன்:
போன்லதான் அக்கா. திங்கட்கிழமை ரிப்போர்ட்டைப் பத்திப் பேசினோம். கடைசியா "ஓகே, ஐ வில் லெட் யூ கோ"ன்னு சொல்லி வச்சிட்டார்.

மாலா அக்கா:
அப்பாடா. வேலை போகலப்பா. நாம போன்ல "சரி, வச்சிரட்டுமா?"ன்னு கேட்போம்ல, அதேதான். உன் நேரத்தை இதுக்குமேல எடுத்துக்கலன்னு மரியாதையா முடிக்கிறார். 'வை'யை அகராதியில தேடினா போனை வைக்கிறது முதல்ல வருமா? வேலையை விட்டு அனுப்புறவங்க பெரும்பாலும் "வீ ஆர் லெட்டிங் யூ கோ"ன்னு காரணத்தோட சொல்வாங்க, எழுத்துலயும் வரும். வீட்டுக்கு ஒண்ணும் சொல்லிப் பதற வைக்காதே, நாளைக்கு வழக்கம்போலப் போ.

இனிமே வார்த்தையை மட்டும் எழுதி வைக்காதே. யார், எப்போ, எதைப் பத்திப் பேசும்போது சொன்னாங்கன்னு முழு வாக்கியத்தோட எழுது. நம்ம 'விட்டுக்கொடு'வை 'விடு', 'கொடு'ன்னு பிரிச்சா அர்த்தம் கிடைக்காது, அதுவும் இப்படித்தான். 'டேக் ஆஃப்' விமானம் கிளம்புறதும் ஆகும், சட்டையைக் கழட்டுறதும் ஆகும், லீவு எடுக்கிறதும் ஆகும்.

எதையாவது அணைக்கச் சொல்லும்போது 'டர்ன் இட் ஆஃப்'னு சொல்லணும், 'டர்ன் ஆஃப் இட்' வராது. 'இட்', 'தெம்' மாதிரி வார்த்தை நடுவுலதான் வரும். 'லைட்'னா 'டர்ன் தி லைட் ஆஃப்', 'டர்ன் ஆஃப் தி லைட்'னு ரெண்டு விதமாவும் சொல்லலாம். ஆனா எல்லாத்தையும் இப்படிப் பிரிக்க முடியாது, பார்த்துக்கோன்னு சொல்ல 'லுக் ஆஃப்டர் இட்'தான் சரி. அதனாலதான் வாக்கியமா எழுதச் சொல்றேன்.

மீட்டிங்கை 'மூவ் ஃபார்வேர்ட்' பண்றோம்னா இங்கிலீஷ்காரங்களுக்குள்ளேயே முன்னாடியா பின்னாடியான்னு குழப்பம் வரும். கூச்சப்படாம "எந்தத் தேதி?"ன்னு கேட்டுடு.

புதுசா வந்தவன்:
அக்கா, இப்பத்தான் மூச்சே வந்துச்சு. "கெட் பேக் டு மீ பை மன்டே"ன்னும் சொன்னார். அது ரிப்போர்ட்டா, பதில் மட்டுமா?

மாலா அக்கா:
பதில் சொல்லச் சொல்றார். திங்கட்கிழமைக்குள்ள. ரிப்போர்ட்டும் சேர்த்தான்னு இப்பவே ஒரு வரி மெயில் போட்டுக் கேளு.