விசாயப் பாட்டுத் தட்டுகள்: கைக்கு வந்ததும் கைவிட்டுப் போனதும்

செம்பரக்கு:
பிலிப்பைன்ஸின் விசாயத் தீவுகளில் ஒன்றான செபுவின் பாலிதாவ் பாட்டு ஒன்று. பத்து அங்குல அரக்குத் தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று. ஆண் ஒரு வரி பாட, பெண் மடக்கிப் பதில் சொல்ல, பின்னால் கித்தார் வால்ட்ஸ் நடையில். தட்டில் பூஞ்சை. எல்பி (பிற்கால வினைல் தட்டு) துடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலவையில் பஞ்சை நனைத்து ஒரே ஒரு சுற்று. பஞ்சு கறுத்தது. அழுக்குதான் வருகிறது என்று தோன்றும். வந்தது தட்டு. அரக்கு ஆல்கஹாலில் கரையும். பளபளப்பு போய்ச் சாம்பல் வளையம் நின்றது, சரியாகப் பெண் குரல் நுழைகிற இடத்தில். இப்போது அங்கே சரசரப்புதான் கேட்கிறது.

மூணுமில்:
ஆல்கஹால் தப்புதான். ஆனால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போடாதீர்கள் சார். எந்த முள்ளில் ஓட்டினீர்கள்? எல்பி முள் 0.7 முதல் 1 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று). 78-இன் பள்ளத்துக்கு 2.5 முதல் 3 மில் வேண்டும். பாட்டு இருப்பது பள்ளத்தின் சுவரில், மண் இருப்பது தரையில். சின்ன முள் தரையைத்தான் உரசும். பாதிச் சரசரப்பு அதுவாக இருக்கலாம்.

என்னை உறுத்துவது ஒரு 'டாண்டன்சோய்'. விசாயாவின் இலொங்கோ (ஹிலிகாய்னோன்) மொழிப் பாட்டு, பெண் விடைபெற்றுப் போகிறாள். பிலிப்பைன்ஸில் கணினியில் ஏற்றிய கோப்பு. கேட்டால் சிறுமி துள்ளிக்கொண்டு கிளம்புவது போல! காரணம் பிளேயர். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்த ஒத்திசைவு மோட்டார், அங்கே 60 ஹெர்ட்ஸ். 78 என்பது 94 ஆகி, சுருதி மூன்று அரைச்சுரத்துக்குமேல் ஏறிவிட்டது. வேகத்தை 0.833 ஆக்கினேன், சுருதியும் சேர்ந்தே இறங்கும்படி. அப்புறம்தான் வளர்ந்த பெண்ணின் குரல் வந்தது.

கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீர், அமோனியா இல்லாத பாத்திரச் சோப்பு நாலைந்து சொட்டு. மென்மையான பிரஷ்ஷைப் பள்ளத்தின் போக்கிலேயே ஓட்டுங்கள், குறுக்கே வேண்டாம். லேபிள் நனையக் கூடாது. ஊறவே போடாதீர்கள்: அரக்கில் கலந்த கல்மாவு விரிசல் வழியே ஈரம் குடிக்கும். சோப்பில்லாத நீரில் அலசி, நிறுத்தி உலர்த்துங்கள். முள் அழுத்தம் 3 முதல் 4 கிராம். கணினியில் பதிவது 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், இரண்டு சேனலும் தனித்தனியாக. 78-இல் ஒலி பக்கவாட்டில் வெட்டப்பட்டிருக்கும். பிறகு சேனல்களைச் சேர்த்தால் முள் மேலும் கீழும் குதிக்கும் சத்தம் ஒன்றையொன்று அடித்துப்போகும். ஒரு சுவர் தேய்ந்திருந்தால் மற்றதை மட்டும் எடுக்கலாம். ரியா (RIAA) சமன்பாட்டை, அதாவது எல்பிக்காகக் கருவி செய்யும் ஒலித் திருத்தத்தை, அணைத்துவிடுங்கள். அது 1954-இல் வந்தது, 10 கிலோஹெர்ட்ஸில் 13.7 டெசிபெல் வெட்டும். பழைய தட்டு கம்பளிக்குள்ளிருந்து பாடுவது அதனால்தான்.

ஆமணக்கு:
பூஞ்சை என்றதும் நிறுத்திப் பாருங்கள். 16 அங்குல வானொலித் தட்டு ஒன்று, 33⅓ வேகம், பக்கத்துக்குக் கால் மணி. உள்ளே ஹிலிகாய்னோன் கொம்போசோ, ஊர்ச் சம்பவத்தைக் கதையாகப் பாடுவது. மேலே வெள்ளைப் பொடி. எல்லாரும் பூஞ்சை என்றார்கள். அது பால்மிடிக் அமிலம். நைட்ரோசெல்லுலோஸ் பூச்சை வளையவைக்கச் சேர்த்த ஆமணக்கெண்ணெய் சிதைந்து வெளியே கசிகிறது, பூச்சு சுருங்கி வெடிக்கிறது. பாட்டின் நடுவில் முள் பட்டதும் நகம் அளவுச் செதில் கிளம்பி, கீழே அலுமினியம் பளிச்சென்றது. கதை பாதியில் நின்றது.

அடையாளம்: நடுத்துளை ஓரத்தில் உலோகம் தெரியும், பக்கத்தில் இன்னொரு சின்னத் துளையும் இருக்கலாம். போர்க்காலத் தட்டென்றால் உலோகத்துக்குப் பதில் கண்ணாடி, கீழே விழுந்தால் அவ்வளவுதான். இதை ஒருமுறைதான் ஓட்ட முடியும் என்று நினைத்து, பதிவை முதலில் தொடங்கிவிட்டு முள்ளை இறக்குங்கள்.

மூணுமில்:
அவர் சொன்னது அரக்குத் தட்டைப் பற்றி. வானொலித் தட்டு எங்கே வந்தது?

ஆமணக்கு:
அவர் உங்களிடம் சோப்பும் கேட்கவில்லை அண்ணே.

பெரியதுளை:
என் பங்கு சின்னது. 45 சுற்றுத் தட்டில் 'உசாஹாய்' என்ற செபு பாட்டு. நீட்டிப் பிடிக்கிற கடைசிச் சுரம் அலைந்தது. பாடகியின் குழைவு என்று ரசித்தவர்கள் உண்டு. கடிகாரம் வைத்தால் சரியாக 1.33 விநாடிக்கு ஒரு அலை, அதாவது ஒரு சுற்று. துளை மையம் விலகி அச்சான தட்டு. 38 மி.மீ. துளை என்பதால் அடாப்டரை எடுத்துவிட்டு, முள்கை பக்கவாட்டில் ஆடாமல் நிற்கும்வரை தட்டை விரலால் நகர்த்தினால் போதும். குழைவு காணாமல் போனது, நல்ல பாட்டு மிஞ்சியது.

இன்னொன்று, தகலோக் (மணிலாப் பக்கத்து மொழி) தலைப்பைப் பார்த்துத் தட்டை ஒதுக்காதீர்கள். 'ஆங் பாஸ்கோ ஆய் சுமாபிட்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டின் மெட்டு செபுவுடையது: 1933, 'கசாட்யா நிங் தக்னா', இசை விசென்டே ரூபி, சொல் மரியானோ வெஸ்டில். லேபிளில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்பதையும் எழுதி வையுங்கள். லேபிளை ஒட்டி, பள்ளம் முடிகிற இடத்தில் கீறிய எண்ணையும் சேர்த்து.

செம்பரக்கு:
ஓட்டியது எல்பி முள்தான். மறுபக்கத்தில் பஞ்சு படவில்லை. 3 மில் முள் வரட்டும், அதுவரை தொடுவதாக இல்லை.