தேக்கிலைக்குள் இருந்து இத்தனை பூஞ்சையா?

கூடலூர்_செல்வி:
எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக, வீட்டோரத் தேக்கில் நோயில்லாத பச்சை இலையாகப் பறித்து, ஆல்கஹால், ஹைபோகுளோரைட் இரண்டிலும் முக்கிக் கழுவி, துண்டு போட்டு அகாரில் (பூஞ்சை வளர்க்கும் கூழ்த் தட்டில்) வைத்தேன். ஒரு வாரத்தில் துண்டுகளின் விளிம்பெல்லாம் வெள்ளையும் சாம்பலும் கறுப்புமாகப் பூஞ்சை! கைடு "கன்டாமினேஷன், கொட்டிடு" என்கிறார். உள்ளே இருந்து வந்திருக்க வாய்ப்பே இல்லையா?

பூசணப்பெட்டி:
கொட்டாதே தங்கச்சி. அடுத்த தடவை கழுவிய துண்டை ஒரு புது அகார்த் தட்டில் லேசாக அழுத்திவிட்டு எடுத்துவிடு. அந்தத் தட்டில் எதுவும் முளைக்கவில்லை என்றால் இலையின் மேல்புறம் சுத்தம். வளர்ந்தது எண்டோஃபைட், அதாவது நோய் காட்டாமல் இலைக்குள்ளேயே குடியிருந்த பூஞ்சை. கைடிடம் வாதாடாதே, தட்டை நீட்டு.

வெப்பமண்டலக் காட்டில் இது சகஜம். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் பூஞ்சை ஆய்வாளர் எலிசபெத் ஆர்னால்ட் குழு இரண்டே மரவகைகளின் 83 இலைகளில் 418 வகைப் பூஞ்சைகளைப் பிரித்தது (2000). உருவத்தை வைத்துப் பிரித்த கணக்கு அது. பாதிக்கு மேல் ஒரே ஒரு தடவை தலைகாட்டியவை.

அதற்காக மரத்துக்கு நானூறு என்று பெருக்கிக்கொண்டே போகாதே. ரிப்போர்ட்டுகளில் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத் தேக்குகளை பூஞ்சை ஆய்வாளர் டி.எஸ்.சூரியநாராயணன் குழு பார்த்தபோது, வறண்ட காடோ ஈரக்காடோ, இலைக்குள் ஃபோமாப்சிஸ் என்கிற பூஞ்சையின் ராஜ்ஜியம்தான். தேக்கோடு நிற்கிற ஆளும் இல்லை அது, சரக்கொன்றையிலும் உண்டு. இலை உதிர்ந்தபின் சருகைத் தின்று பிழைக்கிறது. மரத்தின் பெயரை வைத்துப் பூஞ்சைக்குப் பெயர் சூட்டினால் ஒரே ஆள் பத்துப் பேராகிவிடுவான்.

எஸ்டேட்_முருகன்:
இவ்வளவு பேர் உள்ளே இருந்தா மரத்துக்குக் கேடு இல்லையாங்க?

பூசணப்பெட்டி:
பெரும்பாலும் சும்மா கிடக்கும்ங்க. சில நேரம் காவலும் காக்கும். 2003-ல் அதே ஆர்னால்ட் குழு பனாமாவில் கொக்கோ கன்றுகளின் இலைகளில் எண்டோஃபைட்டை ஏற்றி, பிறகு பைட்டோஃப்தோரா என்கிற நோய்க்கிருமியை விட்டார்கள். ஏற்றிய இலைகளில் சேதம் குறைவு. உங்கள் தோட்டத்திலும் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செல்வி, தளிரையும் முற்றிய இலையையும் தனித்தனியாக வை. தளிர் பெரும்பாலும் காலியாக வரும். மழையிலும் காற்றிலும் பூஞ்சை வித்து வந்து இறங்கித்தான் நிரம்புகிறது. காப்பகத்துக்குள் பறிப்பதானால் வனத்துறை அனுமதிக்கு இப்போதே எழுதிப் போடு, அது ப்ராஜெக்டைவிட நீளும்.