இரண்டாவது எம்.ஆர். ஊசிக்கு அண்ணி சம்மதிக்கவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். திண்டுக்கல் பக்கம் கிராமம். அண்ணன் மகளுக்கு ஒன்றரை வயது. 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய இரண்டாவது தட்டம்மை-ரூபெல்லா ஊசியைப் போடவே விடமாட்டேன் என்கிறார் அண்ணி. "ஊசி போட்டா ஆட்டிசம் வரும், பிள்ளைக்குப் பேச்சே வராது" என்று ஒரு வாட்ஸ்அப் ஆடியோ. முதல் ஊசிக்குப் பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் வேறு அடித்ததால் அதை அப்படியே நம்பிவிட்டார். பெற்றவள் பயம், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

1998-ல் இந்தப் புரளிக்கு வித்திட்ட பிரிட்டிஷ் மருத்துவர் வேக்ஃபீல்டின் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றதைச் சொன்னேன். டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து 2019-ல் வந்த எம்.எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லாவோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் போடும் ஊசி) ஆய்வு, ஆட்டிசத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றதையும் காட்டினேன். "எல்லாம் கம்பெனிக்காரன் காசு கொடுத்து எழுதினது" என்று முடித்துவிட்டார். கிராம செவிலியர் வீட்டுக்கே வந்து பொறுமையாகப் பேசினார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் தடுப்பூசி அட்டை பீரோவுக்குள் போய்ப் பூட்டும் விழுந்தது. அண்ணன் வாயே திறப்பதில்லை.

தட்டம்மைக் கிருமி, நோயாளி போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அறைக் காற்றில் இருக்கும். அங்கன்வாடிக்குப் போகும் பிள்ளை இது.

இப்படிப் பயந்துபோன தாயைச் சம்மதிக்க வைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: யார், என்ன சொன்னபோது அவர் மனம் மாறினார்?