கொடியைப் பார்த்து விட்டுவிடுவார்களா?

அத்தை: அண்ணா, பையன் அடுத்து வேலைக்கு ஏறப்போகும் கப்பல் உக்ரைனின் ஒடேசா துறைமுகத்துக்குப் போகுமாம். சண்டைக்குச் சம்பந்தமில்லாத நாட்டுக் கொடிதான். அப்படியென்றால் யாரும் தொடமாட்டார்கள்தானே?

பெரியப்பா: அப்படி நம்பி உட்கார முடியாதும்மா. சண்டை போடும் நாடு நடுநிலைக் கப்பலை நிறுத்தலாம், காகிதம் கேட்கலாம், சரக்கைச் சோதிக்கலாம். கடற்போர்ச் சட்டமே அதற்கு இடம் தருகிறது.

தம்பி: சுக்ரு ஓகான் கப்பல் ஞாபகம் இருக்கா? பலாவு நாட்டுக் கொடி. 2023 ஆகஸ்ட் 13. ரஷ்யப் போர்க்கப்பல் எச்சரிக்கை வேட்டு போட்டு, ஹெலிகாப்டரில் ஆள் இறக்கிச் சோதித்தது.

அத்தை: ஐயோ 😟

பெரியப்பா: டேய், பயமுறுத்தாதே. அதற்கு முந்தைய வருஷம் இந்தச் சோதனையையே பேசித் தீர்த்தார்கள். 2022 ஜூலை 22, இஸ்தான்புல், தானிய ஒப்பந்தம். ரஷ்யாவும் உக்ரைனும் ஒருவரோடொருவர் கையெழுத்துப் போடவில்லை. தனித்தனியாக ஐ.நா.வோடும் துருக்கியோடும் போட்டன.

அப்பா: பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் ஊர்ப் பெரியவரை நடுவில் வைத்துப் பாகம் பிரித்த மாதிரி 😄

பெரியப்பா: அதேதான். காலிக் கப்பல் இஸ்தான்புல் அருகே நங்கூரம் போட்டு நிற்கும். நான்கு தரப்பு ஆட்களும் சேர்ந்து ஏறி ஹோல்டு (சரக்கு அறை) வரை பார்ப்பார்கள். சரக்கோடு திரும்பும்போதும் அப்படியே. ஆயுதம் போகவில்லை என்று ரஷ்யாவுக்குத் தெரிந்துவிடும், உக்ரைனுக்குத் தானியம் வெளியே போனால் போதும். கண்ணிவெடிப் பகுதியில் உக்ரைன்காரர்களே வழிகாட்டினார்கள்.

நான்: கையெழுத்துப் போட்ட மறுநாளே ஒடேசா துறைமுகத்தில் ஏவுகணை விழுந்ததே?

பெரியப்பா: விழுந்தது. இருந்தும் ஆகஸ்ட் 1 அன்று ரஸோனி என்ற கப்பல் 26,000 டன்னுக்கு மேல் மக்காச்சோளத்தோடு கிளம்பியது. ஓராண்டுக்குள் ஏறக்குறைய 3.3 கோடி டன் போய்ச் சேர்ந்தது. சோதனைக்கு வரிசையில் காத்துக் கிடந்தே பலர் நொந்தார்கள், அது வேறு கதை.

அத்தை: நன்றாகத்தானே போனது, ஏன் நின்றது?

பெரியப்பா: கெடு முடியும்போதெல்லாம் பேரம். தன் உர, தானிய ஏற்றுமதிக்குத் தடைகள் விலகவில்லை, தன் விவசாய வங்கியை வங்கிகளுக்கிடையேயான ஸ்விஃப்ட் வலையமைப்பில் சேர்க்கவில்லை என்று ரஷ்யா 2023 ஜூலை 17-இல் விலகிக்கொண்டது.

அப்பா: இப்போது எந்த வழியில் போகிறார்கள் அண்ணா?

பெரியப்பா: ருமேனியா, பல்கேரியா கரையை ஒட்டி. அந்நாட்டுக் கடல் எல்லைக்குள் சண்டைக்காரன் கைவைக்கக் கூடாது. அந்த வழியில் முதல் கப்பல் 2023 ஆகஸ்ட் 16-இல் ஒடேசாவிலிருந்து புறப்பட்டது. கடைசிப் பகுதி உக்ரைன் கடல், ஆபத்து அங்கேதான்.

அத்தை: அவன் வேண்டாம் என்று சொன்னால் வேலை போய்விடுமா?

பெரியப்பா: போர்ப் பகுதி என்று அறிவித்த இடத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை தொழிற்சங்க ஒப்பந்தங்களில் உண்டு. போனால் அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பு. அவன் ஒப்பந்தத்தில் இது இருக்கிறதா என்று பார்க்கணும். பிடிஎஃப் இருந்தால் எனக்கு அனுப்பச் சொல்.

அத்தை: இதோ கேட்கிறேன்.