இன்னஸின் கடைசிக்கால ஓவியங்கள்: உச்சமா, வெறும் மூட்டமா?

மஞ்சள்குடை:
அமெரிக்க நிலக்காட்சி ஓவியர் ஜார்ஜ் இன்னஸ் 1891இல் வரைந்த 'மான்ட்கிளேர், இலையுதிர்காலத் தொடக்கம்' படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள் (மான்ட்கிளேர் நியூஜெர்சியில் அவர் வாழ்ந்த ஊர்; படம் அமெரிக்காவின் டெலவேர் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது). இலைக்கூட்டம் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லவே முடியாது. கனவில் போய்வந்த இடம் மாதிரி. 1894இல் இறந்தவரின் உச்சம் அந்தக் கடைசிப் பத்து வருடம்தான். மறுப்பவர் வரலாம்.

கரித்துண்டு:
வந்துவிட்டேன். 1856 வாக்கில் ஒரு ரயில் நிறுவனம் காசு கொடுத்து வரையச் சொன்ன 'லாக்கவானா பள்ளத்தாக்கு' நினைவிருக்கிறதா? முன்னால் வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள், நடுவே சாய்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் ஒருவன், தூரத்தில் புகைவிட்டு வரும் ரயில். ஒரு நாடு மாறுவதே அதில் தெரிகிறது. மான்ட்கிளேரில்? கண்ணாடியைத் துடைக்காமல் பார்த்தது போல ஒரு தோட்டம். அவருக்குப் பின் வந்த டோனலிஸ்டுகள் (ஒரே சாயலான மங்கிய வண்ணங்களில் நிலக்காட்சி வரைந்த அமெரிக்க ஓவியர்கள்) இந்த மங்கலையே சூத்திரமாக்கி அலுக்க வைத்தார்கள்.

மஞ்சள்குடை:
பின்னால் வந்தவர்கள் செய்ததற்கு அவர் என்ன செய்வார்? அந்த மங்கலுக்குப் பின்னால் 18ஆம் நூற்றாண்டு ஸ்வீடன் நாட்டு ஆன்மிகச் சிந்தனையாளர் ஸ்வீடன்போர்க் இருக்கிறார். கண்ணுக்குத் தெரியும் ஒவ்வொன்றுக்கும் ஆன்ம உலகில் ஒரு இணை உண்டு என்ற அவருடைய போதனையை 1860களில் ஓவியர் வில்லியம் பேஜ் வழியாக அறிந்தார் இன்னஸ். வண்ணங்களுக்கு ஆன்மிகப் பொருள் சொல்லி 1867இல் கட்டுரையே எழுதினார்.

கரித்துண்டு:
சரி, கட்டுரை 1867. படம் 1891. தத்துவம்தான் காரணம் என்றால் தூரிகைக்கு வந்துசேர ஏன் இத்தனை வருடம்?

தூரிகைப்பிடி:
நானும் எண்ணெய் வண்ணத்தில் வரைபவன், அதனால் நடுவில் நுழைகிறேன். 1870களில் இத்தாலியில் இருந்தபோது விற்பனையாளர்களுக்குப் படம் அனுப்பிப் பிழைத்தார். 1884இல் நியூயார்க்கில் பெரிய தனிக் கண்காட்சி, அப்புறம் பணக்கவலை குறைந்தது. தன் இஷ்டப்படி வரையும் வசதி அப்போதுதான் வந்தது என்பது என் கணிப்பு. இன்னொன்று, இது சோம்பேறி மங்கல் இல்லை. ஸ்டுடியோவில், பெரும்பாலும் நினைவிலிருந்து, மெல்லிய வண்ணப் பூச்சு ஒன்றின்மேல் ஒன்றாக; சில இடங்களில் தேய்த்தும் சுரண்டியும் எடுத்திருக்கிறார். விளிம்பு கரைந்தாலும் செங்குத்தான மரத்தண்டும் கிடைமட்டமான புல்வெளியும் படத்தை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. ஒரு தண்டை விரலால் மறைத்துப் பாருங்கள், படமே சரிந்துவிடும்.

கரித்துண்டு:
அப்படியானால் இம்ப்ரெஷனிஸ்ட் என்று சொல்லிவிட்டுப் போகலாமே?

மஞ்சள்குடை:
அவர் காதில் விழுந்தால் தொலைந்தீர்கள்! அந்தப் பட்டத்தை எதிர்த்துப் பத்திரிகைக்குக் கடிதமே எழுதியவர். இம்ப்ரெஷனிஸ்டுகள் அந்தக் கணத்தின் ஒளியைப் பிடித்தார்கள். இவர் பார்த்ததை மனதில் ஊறவைத்து வரைந்தார்.

கரித்துண்டு:
தண்டு விஷயத்தில் தூரிகைப்பிடி சொல்வது நியாயம். ஆனால் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'இலையுதிர்கால ஓக் மரங்கள்' 1878 வாக்கில் வரைந்தது. கருத்த வானத்துக்கு முன்னால் வெயில் பட்டுத் தகதகக்கும் ஓக்குகள். கனவும் இருக்கிறது, மரமும் மரமாக இருக்கிறது. என் ஓட்டு அதற்கே.