அப்டேட் போட்ட பிறகு ‘உங்கள் நிறுவனத்தின் சர்வர் கிடைக்கவில்லை’ என்கிறது – எனக்கு ஏதுங்க நிறுவனம்?

தங்கச்சிமடம் ஜெராக்ஸ்:
வணக்கம். தங்கச்சிமடத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். ஓடுவது ஒரே லேப்டாப். பில்லோடு வாங்கியது, விண்டோஸ் 11 உள்ளேயே போட்டு வந்தது. முந்தாநாள் ராத்திரி அப்டேட் கேட்டது, ஓடட்டும் என்று விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் திறந்தால் திரையின் வலது மூலையில் ‘விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்’, அதாவது ஒரிஜினல்தான் என்று உறுதிப்படுத்தவும், என்று சாம்பல் நிற எழுத்து. செட்டிங்ஸுக்குள் போனால், ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வரோடு இணைய முடியவில்லை’ என்று வருகிறது. எரர் எண் 0எக்ஸ்சி004எஃப்074. நிறுவனமாம்! கடையில் நானும் ஒரு தம்பியும்தான்.

இப்போது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். ஆதார் திருத்தம், பட்டா, பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் என்று வருஷம் பூரா தள்ளிப்போட்ட வேலையைத் தூக்கிக்கொண்டு இந்த இரண்டு மாதத்தில்தான் வருவார்கள். இந்த நேரத்தில் மெஷின் பூட்டிக்கொண்டால் பிழைப்பு போச்சு. காசு கொடுத்து வாங்கியதையும் திருட்டு என்று சொன்னால் யாரிடம் போய்ச் சொல்வது?

மண்டபம் கேம்ப் பையன்:
அண்ணே, இதுக்கு ஏன் டென்ஷன்? லைசென்ஸ் இல்லாமலே ஆக்டிவேட் பண்ணிவிடும் ஆக்டிவேட்டர் புரோகிராம் ஒன்று இருக்கு, ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு ஓட்டினால் ஒரு நிமிஷ வேலை. இல்லையா, ஆன்லைனில் ஐந்நூறு ரூபாய்க்குள் லைசென்ஸ் எண், அதான் கீ, கிடைக்கும்.

உச்சிப்புளி சர்வீஸ்:
தம்பி, ஊர்க்காரர்கள் ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் கொண்டுவந்து ஸ்கேன் பண்ணும் மெஷின் அது. அதில் ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு எவனோ எழுதிய புரோகிராமுக்கு அட்மின் உரிமை கொடுக்கச் சொல்கிறாய். வேண்டாம். அந்த மலிவு கீயும் பெரும்பாலும் எங்கோ ஒரு கம்பெனிக்கென்று மொத்தமாகக் கொடுத்ததைப் பிரித்து விற்பதுதான். இன்றைக்கு ஏற்கும், பிறகு ஒருநாள் ‘இந்த கீ தடுக்கப்பட்டது’ என்று நிற்கும்.

ஜெராக்ஸ்காரரே, முதலில் பயத்தை விடுங்கள். ஆக்டிவேட் ஆகவில்லை என்பதற்காக மெஷின் பூட்டிக்கொள்ளாது. வால்பேப்பர், கலர் மாற்ற முடியாது, அந்த எழுத்து மூலையில் நிற்கும், அவ்வளவுதான். பாதுகாப்பு அப்டேட்டும் வரும். இன்றைக்குக் கடையைத் திறந்து வேலையைப் பாருங்கள்.

ராத்திரி இதைச் செய்யுங்கள். ஸ்டார்ட்டில் ‘கமாண்ட் பிராம்ப்ட்’ தேடித் திறந்து, எஸ்எல்எம்ஜிஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்தையும் ஒட்டி அடித்து, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு டிஎல்ஐ என்று அடித்து என்டர் தட்டுங்கள். சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் எந்த எடிஷன், எந்த சேனல் (லைசென்ஸ் எந்த வழியில் வந்தது) என்று போட்டிருப்பதை இங்கே எழுதுங்கள். அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் ‘புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’ இருக்கும். அப்டேட் ஓடிய ராத்திரி அதில் எதையாவது பிடித்து நீக்கியிருக்கிறதா பாருங்கள். இன்னொன்று: இந்த லேப்டாப் நடுவில் எங்காவது சர்வீஸுக்குப் போனதா?

கீழக்கரை காக்கா:
ஒரிஜினலா என்று பார்க்கும் இந்தச் சோதனையால் அடிபடுவது எப்போதும் பில் வைத்திருப்பவன்தான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் நான் சென்டர் வைத்திருந்தேன். 2008-ல் ஒரு அப்டேட் வந்தது, திருட்டுக் காப்பி என்று சந்தேகப்பட்டால் மணிக்கு ஒருமுறை டெஸ்க்டாப்பைக் கறுப்பாக்கிவிடும். காப்பி வைத்திருந்தவன் வால்பேப்பரைத் திரும்பப் போட்டுக்கொண்டு சிரித்தான். அதற்கு முந்தின வருஷம் ஆகஸ்ட்டில் மைக்ரோசாஃப்ட்டின் சரிபார்ப்பு சர்வரே கோளாறாகி, ஒழுங்காக வாங்கிய எக்ஸ்பி, விஸ்டாவையெல்லாம் போலி என்றது. 2018 நவம்பரில் விண்டோஸ் 10 ப்ரோ வைத்திருந்த ஆட்களிடம் ‘உங்களிடம் இருப்பது ஹோம் லைசென்ஸ்’ என்று சொல்லி ஆக்டிவேஷனைக் கழற்றியது. கடைசியாகச் சொன்ன இரண்டும் அவர்களே ஒத்துக்கொண்டு சரி செய்தவை. ஆனால் அந்த நேரத்தில் கடை வைத்திருந்தவன் கஸ்டமருக்கு என்ன பதில் சொல்வான்?

தங்கச்சிமடம் ஜெராக்ஸ்:
பார்த்தேன் அண்ணே. எடிஷன் ‘ப்ரொஃபஷனல்’ என்கிறது. சேனல் ‘வால்யூம், கேஎம்எஸ் கிளையன்ட்’. புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் அதே ராத்திரி ‘ஹேக்டூல்’ என்று தொடங்கி ‘ஆட்டோகேஎம்எஸ்’ என்று முடியும் ஒன்றை நீக்கியிருக்கிறது.

சர்வீஸுக்குப் போனது உண்மை. போன ஐப்பசி மழையில் ஆன் ஆகவே இல்லை. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். உப்புக்காற்று மதர்போர்டைத் தின்றுவிட்டது என்று சொல்லி, கழுவி ஐசி மாற்றி, புது எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தார்கள். ‘விண்டோஸ் ஒரிஜினலே போட்டிருக்கு’ என்று அதற்குத் தனியாகவும் வாங்கினார்கள்.

உச்சிப்புளி சர்வீஸ்:
அதுதான் விஷயம். கேஎம்எஸ் என்பது காலேஜ், பெரிய ஆபீஸ் மாதிரி இடங்களுக்கான முறை. குறைந்தது 25 மெஷினாவது இருந்தால்தான் அந்த சர்வர் ஆக்டிவேஷனே கொடுக்கும். கொடுத்தாலும் 180 நாளைக்குத்தான், அதற்குள் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். சர்வீஸ் கடைக்காரர் உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே போலியாக ஒரு சர்வரை உட்கார வைத்து, ‘நீ ஒரு கம்பெனி மெஷின்’ என்று அதை நம்ப வைத்திருக்கிறார். அப்டேட் ஆன டிஃபெண்டர் (விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸ்) அந்தப் போலியை அடையாளம் கண்டு தூக்கிவிட்டது. இப்போது விண்டோஸ் இல்லாத கம்பெனியைத் தேடிக்கொண்டிருக்கிறது.

எரிச்சல் என்னவென்றால், அந்தத் திருட்டு வேலையே தேவையில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து பிராண்டட் லேப்டாப்பின் கீ ஸ்டிக்கரில் கிடையாது, போர்டில் பயாஸ் என்ற சிப்புக்குள் எழுதியே வரும். உங்கள் போர்டைக் கழுவினார்களே தவிர மாற்றவில்லை, அதனால் கீ இன்னும் உள்ளேயே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ‘ஷோகீபிளஸ்’ என்று இலவச ஆப் இருக்கிறது, போட்டுப் பாருங்கள். ஓஇஎம் கீ (லேப்டாப் கம்பெனி மெஷினோடு கொடுத்தது) என்ற வரியில் எழுத்து தெரிந்தால் பிழைத்தீர்கள். வெறுமையாக இருந்தால், பயாஸ் சிப்பை வேறு ஃபைல் ஏற்றி எழுதும்போது கீயை அழித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்போது பில்லோடு பிராண்ட் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். கீயை மட்டும் இங்கே போட்டுவிடாதீர்கள்.

தொண்டி டீச்சர்:
நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். என்னுடையது டெஸ்க்டாப். ரேமைக் கழற்றினால் அதன் தங்க நிறப் பின்னெல்லாம் பச்சை பூத்திருக்கும். பென்சில் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத்தான் ஓட்டினேன். கடைசியில் போர்டே போய், புது போர்டு போட்டார்கள். அன்றிலிருந்து எனக்கும் அதே சாம்பல் எழுத்து. நான் கடையில் பெட்டியாக, கீ அட்டையோடு வாங்கிய விண்டோஸ் 10, பிறகு 11-க்கு மாறினேன். அதுவும் செல்லாதா?

உச்சிப்புளி சர்வீஸ்:
செல்லும் டீச்சர். பெட்டியாக வாங்கியது ரீடெயில் லைசென்ஸ், ஒரு மெஷினிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடலாம். செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் போய் அட்டையில் உள்ள 25 எழுத்தையும் திரும்ப அடியுங்கள். ஏற்கவில்லை என்றால் அங்கேயே ‘டிரபிள்ஷூட்’ இருக்கும். அதில் ‘சமீபத்தில் ஹார்ட்வேர் மாற்றினேன்’ என்பதைத் தட்டுங்கள். ஆனால் முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு லைசென்ஸை இணைத்திருந்தால்தான் அது வேலை செய்யும். இணைக்கவில்லையா, ‘கெட் ஹெல்ப்’ வழியாகச் சாட்டில் பிடித்து பில்லைக் காட்டுங்கள்.

இதைக் கரையோரத்தில் இருக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்: மெஷின் நன்றாக இருக்கும்போதே கணக்கோடு இணைத்து வையுங்கள். லைசென்ஸ் பார்ப்பது போர்டின் அடையாளத்தை. மதுரையில் பத்து வருஷம் ஓடும் போர்டு பாம்பனில் அவ்வளவு தாங்காது. பழுதானதால் போர்டை மாற்றினால் பழைய ஓஇஎம் லைசென்ஸ் செல்லும், வசதிக்காக மாற்றினால்தான் செல்லாது என்று விதியில் இருக்கிறது. ஆனால் உப்பால் மாற்றினோமா, ஆசைப்பட்டு மாற்றினோமா என்று அந்த சர்வருக்கு எப்படித் தெரியும்?

கீழக்கரை காக்கா:
பேசாமல் விண்டோஸை விட்டு, லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்துக்கு வந்துவிடுங்கள். அரசு கொடுத்த இலவச லேப்டாப்பிலேயே பாஸ் லினக்ஸ் சேர்ந்து வந்ததே, யார் திறந்து பார்த்தீர்கள்?

தங்கச்சிமடம் ஜெராக்ஸ்:
காக்கா, பிரவுசர் வேலைக்கு லினக்ஸ் போதும். என்னிடம் இருக்கும் கைரேகைக் கருவிக்கு விண்டோஸ் டிரைவர்தான் கொடுத்திருக்கிறார்கள், அங்கேதான் இடிக்கிறது.

உச்சிப்புளி அண்ணே, கீ இருக்கிறது! ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்று காட்டுகிறது. அப்படியே ப்ரோவிலிருந்து ஹோமுக்கு மாற்றலாமா, ஃபார்மட் அடிக்கணுமா?

உச்சிப்புளி சர்வீஸ்:
ப்ரோவிலிருந்து ஹோமுக்கு ஒழுங்கான இறங்கு வழி கிடையாது. ஃபார்மட்தான் நல்லது, அந்தப் போலி வேறு என்னென்ன விட்டுவைத்திருக்கிறதோ. முதலில் கஸ்டமர் ஃபைல், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு எல்லாம் வெளியே எடுங்கள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் போடும் பென்டிரைவ் தயாரிக்கிற மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் போடுங்கள், சுத்தமான வேறு மெஷினில் செய்தால் நல்லது. அந்தக் கடைக்காரரின் பென்டிரைவ் வேண்டாம். இன்ஸ்டால் செய்யும்போது அதுவே பயாஸ் கீயைப் படித்து ஹோம் எடிஷனை எடுத்துக்கொள்ளும். எந்த கீயும் அடிக்க வேண்டியதில்லை, நெட் கொடுத்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும்.

தங்கச்சிமடம் ஜெராக்ஸ்:
ஞாயிறு பூசை முடிந்து வந்து உட்கார்ந்தேன், மத்தியானத்துக்குள் ஆகிவிட்டது. கீயே கேட்கவில்லை. ‘டிஜிட்டல் லைசென்ஸோடு ஆக்டிவேட் ஆகியுள்ளது’ என்று வருகிறது. கணக்கோடும் இணைத்துவிட்டேன். கைரேகைக் கருவி மட்டும் முதலில் எடுக்கவில்லை. டிரைவர் போட்டால் போதாது, ஆதார் சரிபார்ப்புக்கான அதன் ஆர்டி சர்வீஸ் புரோகிராமையும் தனியாகப் போட வேண்டும். இதே மாதிரி ஃபார்மட் அடிக்கிறவர்கள் அதை முதலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடையில் போய் ‘ஒரிஜினல்’ போட்டதற்கு வாங்கிய காசைக் கேட்டேன். ‘அப்டேட்டை ஆஃப் பண்ணி வைக்கச் சொன்னோமே, ஏன் போட்டீங்க?’ என்கிறார்கள்.

தொண்டி டீச்சர்:
எனக்கு அட்டையில் இருந்த கீயே ஏற்றுக்கொண்டது. நன்றி தம்பி.